மொட்டுக்குத் தெரிந்த நேரம்

அத்தியாயம் 9

கதவு மூடிய சத்தமே டேனிக்குப் பிடிக்கவில்லை. தாராவியில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சத்தத்தை வைத்தே கதவின் குணத்தைச் சொல்லத் தெரியும். தகரக் கதவு கத்தும், மரக் கதவு முனகும். இந்த இரும்புக் கதவோ ‘க்ளிக்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இல்லை.

“அக்கா, இது ஆபீஸ் ரூமா, லாக்கப்பா?”

“உனக்கு உக்காரச் சேர் குடுத்திருக்காம்லா. லாக்கப்புல குடுப்பானா? வேலையப் பாருல” என்றாள் சண்முகவடிவு.

சண்முகவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாட்டுங்காவில் வீட்டுக்காரர் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் மாடியில்தான் அவளுடைய துப்பறியும் ஆபீஸ். டேனி அவளிடம் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. பாதியில் விட்ட கம்ப்யூட்டர் படிப்பு, முழுசாகக் கற்ற மொபைல் ரிப்பேர், யாரும் கேட்காமலே பேசுகிற வாய், இந்த மூன்றும்தான் அவன் கொண்டுவந்த சீதனம்.

ஜன்னல் இல்லாத அறை. மூலையில் ஒரு கழிவறை, அதற்கும் ஜன்னல் இல்லை. ஏ.சி. கெட்டுப்போயிருந்தது. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டரும், பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கிற சின்னப் பிரின்டரும் இருந்தன. சுவரில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம், 11:00 என்றது. உள்ளே வருமுன் வாசலில் மேனேஜர் ராஜகுமார் ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டியிருந்தான்.

“போன், வாட்ச், பேக் எல்லாம் இதுல போட்டுருங்கக்கா. மருந்து வைக்கிற எடம், ரூல் அப்படி. கதவு வெளிய இருந்துதான் திறக்கும். முடிஞ்சதும் இன்டர்காம்ல சொல்லுங்க, ஓடி வாரேன்.”

சண்முகவடிவைப் போல அவனும் தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைதான். வாய் நிறைய அக்கா போட்டான். அந்த அக்காக்களின் எண்ணிக்கையே டேனிக்கு உறுத்தியது.

விஷயம் இதுதான். செம்பூரில் இருக்கிற இந்தக் குளிர்க்கிடங்கில் இன்சுலின் பெட்டிகளை அடுக்கி வைக்கிறார்கள். எட்டு டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சூடு ஏறினால் சைரன் ஊத வேண்டும், பெட்டிகளைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு ஞாயிறுக்கு முன்னால் குளிரூட்டுகிற கம்ப்ரசர் நின்றது. சைரன் ஊதவில்லை. கெட்ட மருந்து சான்பாடா கிளினிக்குகளுக்குப் போய், நான்கு பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அதில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

வெப்பத்தைக் கவனித்துப் பதிவு எழுதி, சைரனை ஊதச் சொல்கிற புரோகிராமை எழுதியவள் ஜெனிஃபர். தாராவிப் பெண், இருபத்தாறு வயது. கம்ப்ரசர் ஆறு மணி நேரம் நின்றிருக்க, அவள் புரோகிராம் ஐம்பது நிமிடம் என்று எழுதி வைத்திருந்தது. அதை நம்பித்தான் மருந்தை அனுப்பினோம், தப்பு அவளுடையது என்று ராஜகுமார் புகார் கொடுத்துவிட்டான். காலை முதல் ஜெனிஃபரைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தனா ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். “அஞ்சு மணிக்கு புகார்ல கையெழுத்து வாங்குவேன். வாங்கிட்டா அரெஸ்ட். அதுக்குள்ள ஏதாவது காட்டுங்க. மெஷினைப் பார்க்க விடச் சொல்லி ராஜகுமாருக்கு நானே போன் பண்றேன்.” மராத்தி அம்மாள் இதைத் தமிழிலேயே சொன்னதுதான் டேனிக்கு ஆச்சரியம். தாராவியில் ஆறு வருட வேலையாம். “மொதல்ல கெட்ட வார்த்தைதான் கத்துக்கிட்டேன்” என்றார் சிரிக்காமல்.

ஜெனிஃபரோ அழுது அழுது ஒன்றையே திரும்பச் சொன்னாள். “என் புரோகிராம் பொய் சொல்லாது அக்கா. அதுக்கு என்ன சொல்றாங்களோ அதைத்தான் எழுதும்.” பெஞ்சின் மறுமுனையில், இவர்களை உதவிக்குக் கூப்பிட்ட அவள் அம்மா செல்வமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்கள் டேனியின் கண்ணை விட்டுப் போகவில்லை. அவன் அம்மாவுக்கும் அதே விரல்கள்.

“ஆரம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் சண்முகவடிவு. காலையில் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை, பச்சை மாறாத இறுகிய மொட்டுகளாகக் கொண்டையில் இருந்தது. விரிந்த பூவை அவள் காசு கொடுத்து வாங்க மாட்டாள். காலையில் மொட்டாக வைத்தால் நாலரை வாக்கில் வாய் திறக்கும், வீட்டுக்குப் போகும்போது பூவாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

“பூ விரியறதுக்குள்ள கேஸை முடிச்சிருவோம் அக்கா.”

“நீ வாய மூடுனா மொட்டு அசையுததுக்குள்ளயே முடிச்சிரலாம்.”

டேனி கீபோர்டைத் தட்டினான். ராஜகுமார் கொடுத்த லாகினில் ஒரே ஒரு ஃபோல்டர்தான் திறந்தது.

“இதுல என்னல இருக்கு? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு.”

“ஜெனிஃபர் எழுதுனது வெப்அசெம்பிளி மாட்யூல். அது தானா ஓடாது. ராஜகுமார் ஒரு ஹோஸ்ட் புரோகிராம் எழுதி, அதுக்குள்ள வச்சு இதை ஓட்டுறான். எங்க ஏரியா வாடகைக் கோலின்னு வச்சுக்கோங்க. ஜன்னல் இல்லாத ஒத்தை ரூம். மாட்யூல் அதுல குடி வந்த ஆளு. ஹோஸ்ட்தான் ஓனர். ஓனர் எந்த அலமாரியைத் திறந்து விடுறாரோ அதுல மட்டும்தான் கை வைக்கலாம். தண்ணி வேணுமா, ஓனரைக் கேளு. நோட்டுல எழுதணுமா, ஓனரைக் கேளு. இப்படிக் கேக்குறதுக்குன்னே ஒரு முறை இருக்கு. சிஸ்டம் இன்டர்ஃபேஸ்ம்பாங்க.”

“அப்பம் அந்த ஆளு எதையும் களவாங்க முடியாது.”

“முடியாது. பம்பாய்லயே ரொம்ப யோக்கியமான குடித்தனக்காரன் அவன்தான்.”

“எழுதுனதப் பெறகு எவனும் திருத்தலாம்லா?”

“அதுக்கும் ஜெனிஃபர் வழி பண்ணியிருக்கா. ஒவ்வொரு வரிக்கும் முத்திரை. ஒரு வரியைத் தொட்டா அதுக்குக் கீழ உள்ள அத்தனை முத்திரையும் உடைஞ்சிரும். செக் பண்ணிட்டேன், ஒண்ணும் உடையல.”

இங்கேதான் இடித்தது. யாரும் திருத்தவில்லை. மாட்யூல்தான் எழுதியிருக்கிறது. அந்த ஞாயிறு காலை 9:10க்கு வெப்பம் எட்டைத் தாண்டியது, 10:00 மணிக்குக் கீழே இறங்கியது. ஐம்பது நிமிடம். முத்திரை பத்திரமாக இருந்தது. ஜெனிஃபரை உள்ளே தள்ள இதுவே போதும்.

டேனி வரிவரியாகப் படித்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி, இரண்டு வருடத்துப் பதிவு. சூடு ஏற ஏறச் சட்டை முதுகில் ஒட்டியது. சுவர்க் கடிகாரம் ஒன்று என்றபோது கதவு இரண்டு விரல் அளவு திறந்து, வடாபாவும் டீயும் உள்ளே வந்தன. மறுபடி ‘க்ளிக்’.

“ஒரு மணிக்கெல்லாம் இப்படிப் பசிச்சது கிடையாது. என் வயித்துக்கு அவசரம் ஜாஸ்தி ஆயிருச்சு” என்றான் டேனி.

“உன் வயிறு என்னைக்குல நேரம் காலம் பாத்துது?”

அவள் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. நாலரை மணிக்காவது இங்கிருந்து கிளம்பினால்தான் ஐந்துக்குள் ஸ்டேஷன் போக முடியும். நேரம் நிறைய இருந்தது. ஆனால் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. ஏதோ நம்மைச் சுற்றி இறுகுகிறது, அது என்னவென்று தெரியவில்லை என்று டேனிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கதவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைப் பார்த்தான்.

கடிகாரம் 2:40 காட்டியது. சண்முகவடிவு பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள்.

“டேனி, என்ன வாசம்ல இது?”

“நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்.”

அவள் கொண்டையிலிருந்து மல்லிகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சரத்தில் பாதி மொட்டுகள் வாய் திறந்து வெள்ளையாக நின்றன. மீதி திறக்கத் தயாராக இருந்தன. அறை முழுக்க வாசம்.

“ரெண்டே முக்காலுக்கு மல்லிப்பூ விரியுமா?”

“இந்தச் சூட்டுல நானே பாதி விரிஞ்சிட்டேன். அதுக்கு விரியாதா?”

“சூட்டுக்கு ஒரு அரை மணிக்கூறு முன்னப் பின்ன ஆகும். ரெண்டு மணிக்கூறு ஆகாது. முப்பது வருசமா தெனமும் வைக்கேன், எனக்குத் தெரியாதா?” அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். “நமக்கு மணி சொல்லுதது யாரு?”

டேனியும் பார்த்தான். சிவப்பு எண்கள். நொடி காட்டாத கடிகாரம். அதன் பின்னாலிருந்து ஒரு மெல்லிய வயர் இறங்கி, மேஜைக்கடியில் இதே மெஷினுக்குள்தான் போனது. திரையின் மூலையிலும் அதே 2:40. வாட்ச்சும் போனும் வெளியே கூடையில் கிடந்தன. 

“உறுதிப்படுத்தணும். நொடி எண்ண என்ன இருக்கு?” என்றாள் அவள்.

டேனி ஒரு கணம் யோசித்தான். அப்புறம் பத்து விரலையும் விரித்தான். “எங்கம்மா ராத்திரி சீரியல் விளம்பரத்துல ஜெபமாலை சொல்லும். பத்து மரியே வாழ்க முடியவும் விளம்பரம் முடியவும் சரியா இருக்கும். மூணு நிமிஷம். பதினஞ்சு வருஷமா கூட உக்காந்து சொல்லியிருக்கேன், ஒரு நாளும் தப்பினதில்ல.”

“சொல்லு.”

எண் 2:41க்கு மாறிய கணத்தில் அவன் அம்மாவின் வேகத்திலேயே ஆரம்பித்தான். அருள் நிறைந்த மரியே வாழ்க. ஒன்று. இரண்டு. கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். ஐந்தாவதில் குரல் நிஜமாகவே வேண்டிக்கொண்டது. பத்தாவது முடியும்போது கடிகாரம் 2:43க்கு வந்திருந்தது.

“மூணு நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் நகருது.”

 பதினோரு மணியிலிருந்து யாரோ அவர்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறான். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஜெனிஃபர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று டேனி நினைத்தான்.  எழுந்து போய்க் கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். தோள்தான் வலித்தது.

சண்முகவடிவு இன்டர்காமை எடுத்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “தம்பி, கெளம்பலாம்னு பாக்கோம். கதவத் தெறக்கியா?”

“அதுக்குள்ளயா அக்கா? மணி ரெண்டே முக்கால்தானே. கார்டு ரீடர் மாட்டிக்கிச்சு, ஆளு வந்துட்டே இருக்கான். கொஞ்ச நேரம், ப்ளீஸ். நிம்மதியா பாருங்க.”

அவள் போனை வைத்தாள். “அஞ்சு தாண்டுன பெறகுதாம்ல ஆளு வருவான்.”

“நம்ம கோலிக்கு அவன்தான் ஓனர்” என்றான் டேனி. சொன்னவன் அப்படியே நின்றான். “அக்கா.”

“என்னல?”

“நமக்கு ஜன்னல் இல்ல. மணி என்னன்னு ஓனரைத்தான் கேக்கணும். ஜெனிஃபரோட மாட்யூலுக்கும் அதே கதிதான். தனக்குன்னு கடிகாரம் கிடையாது. ஹோஸ்ட்டைக் கேக்கும், அவன் சொல்றதை எழுதும். எழுதுனதைத் திருத்த முடியாதுன்னு தெரிஞ்சுதான், எழுதுறவனையே ஏமாத்தியிருக்கான்.”

“அந்தப் பிள்ள காலையில இதத்தானல சொல்லிச்சு? நாம அழுகைன்னு நெனச்சோம்.” சண்முகவடிவு தன் நெற்றியிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். “சரி, இது நமக்குத் தெரியும். போலீசுக்குக் காட்டணுமே. நமக்கு மல்லிப்பூ இருந்துது. அந்த மாட்யூலுக்கு என்ன இருந்துது?”

டேனி மறுபடி நாற்காலியில் விழுந்தான். பதிவின் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு நீள எண் இருந்தது. இவ்வளவு நேரமும் முத்திரையின் வால் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தான். இன்று பதினோரு மணி வரியின் எண்ணையும், 2:40 வரியின் எண்ணையும் எடுத்துக் கழித்தான்.

“பத்தொம்பதாயிரத்து எண்ணூறு. நொடின்னா அஞ்சரை மணி நேரம். அக்கா, 2:40ன்னு அவன் காட்டும்போது நெஜ மணி நாலரை. உங்க பூ ஒரு பைசா பொய் சொல்லல.”

“அது என்ன எண்ணு?”

“ஹோஸ்ட்கிட்ட ரெண்டு கடிகாரம் கேக்கலாம். ஒண்ணு சுவர்க் கடிகாரம், மணி என்னன்னு சொல்லும். இன்னொண்ணு ஸ்டாப்வாட்ச் மாதிரி. மணி தெரியாது, மெஷினைப் போட்டதுலேர்ந்து எத்தனை நொடின்னு மட்டும் எண்ணிட்டே இருக்கும். ரெண்டையும் தனித்தனியாத்தான் மாத்தணும். இவன் முதலாவதை மட்டும் மாத்தியிருக்கான். ஜெனிஃபர் சத்தம் காட்டாம ரெண்டாவதையும் எழுதி வச்சிருக்கா.”

பதிவில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனான். 9:10 வரியில் 41,212. பத்து மணி வரியில் 62,812. மனக்கணக்கே போதும்.

“இருபத்தோராயிரத்து அறுநூறு. ஆறு மணி நேரம். பக்கத்துலயே அம்பது நிமிஷம்னு எழுதியிருக்கு. ஒரே வரியில பொய்யும் நெஜமும் ஒட்டி உக்காந்திருக்கு, ஒரே முத்திரைக்குக் கீழ.”

“பொய் சொன்னவன் இவன்தான்னு காட்டணும்லா?”

அதே ஃபோல்டரில் ஒரு சின்ன செட்டிங் ஃபைல் இருந்தது. ஹோஸ்ட் புரோகிராம் படிக்கிற ஃபைல். திறந்ததும் டேனி வாய்விட்டுச் சிரித்தான். ‘நேர வேகம் 0.67’ என்று ஒரு வரி. அதற்கு மேலே, வேலை செய்யாதபடி முன்னால் ஒரு குறி போட்டு அடக்கி வைத்த பழைய வரி, ‘நேர வேகம் 0.14’. அதன் பக்கத்திலேயே அந்த ஞாயிறின் தேதி, ராஜகுமாரின் பெயர்.

“ஆறு மணி நேரத்தை அம்பது நிமிஷமாக்க அது போதும். அப்புறம் ராத்திரியில வேகமா ஓட்டி நேரத்தைச் சரி பண்ணியிருப்பான். பழசை அழிக்க மனசு வரல பாருங்க. இந்தத் தொழில்ல எல்லாருக்கும் இருக்குற வியாதி, பின்னால தேவைப்படும்னு வச்சுக்குவோம்.”

“இத நமக்கு ஏம்ல தெறந்து வச்சான்?”

“சோம்பேறித்தனம். தாராவியில சில ஓனர் கோலியை வாடகைக்கு விடுவான், பில்டிங்கோட மெயின் சுவிட்சு அந்தக் கோலிக்குள்ளயே இருக்கும். அப்புறம் குடித்தனக்காரன்கூடச் சண்டை போட்டுட்டு இருட்டுல உக்காந்திருப்பான். இவன் மாட்யூலுக்குத் திறந்து விட்ட அலமாரியிலயே தன் சுவிட்சையும் வச்சிருக்கான். அதே அலமாரியை நமக்கும் திறந்துட்டான்.”

ஸ்டிக்கர் பிரின்டர் கிர்ரென்று ஓடியது. பதிவு வரிகள், முத்திரைகள், செட்டிங் வரிகள் எல்லாம் இன்சுலின் பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ஒரு முழ நீளத்துக்கு வந்தன. சண்முகவடிவு அதைப் பூச்சரத்தோடு சேர்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆதாரம் ஆச்சு. ஆனா ஆதாரத்தோட சேந்து நாமளும் உள்ளயே கெடக்கோம்” என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் அவசரம் தெரிந்தது. “மணி இப்பம் என்ன இருக்கும்?”

“நாலே முக்காலுக்குக் கிட்ட. இனி ஸ்டேஷனுக்குப் போக நேரமில்ல, வெளிய போனா போன்தான் போடணும்.”

அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரில் ஒரு துளை. அதன் வழியாக ஒரு கறுப்பு வயர் பக்கத்துக் குளிர் அறைக்குள் போனது. “அது என்னது?”

“சென்சார். அது முனை என்ன சூடு சொல்லுதோ, அதைத்தான் மாட்யூல் படிக்கும்.”

“சைரன் ஊதுனா என்ன ஆகும்? வாசல்ல போர்டுல என்னவோ போட்டிருந்துதே.”

டேனிக்கு ஞாபகம் வந்தது. கூடையில் வாட்ச்சைப் போடும்போது படித்திருந்தான். சைரன் ஊதினால் எல்லாக் கதவும் தானாகத் திறக்கும், பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டும். “ஆனா எட்டு டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம் இருக்கணுமே அக்கா. நம்மகிட்ட பத்து நிமிஷம்தான்...” பேசிக்கொண்டே வந்தவன் திரையைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சண்முகவடிவு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் நேரத்தப் பிடிச்சு இழுத்தாம்லா? நீ வெரட்டு” என்றாள்.

டேனி வயரைப் பிடித்து இழுத்தான். சிக்கியது, அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜில்லென்ற முனையைத் துடைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டான். “யேசுவே, என்ன குளிரு.” மற்றக் கையால் 0.67 என்பதை அழித்து 100 என்று அடித்தான்.

சுவர்க் கடிகாரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி ஓடியது. 2:55. 3:10. 3:30. அக்குளில் சூடு ஏறுவதும் எண்கள் பறப்பதும் ஒரே வேகத்தில் இருந்தன.  ஜெனிஃபர் எழுதியது சரியாக இருக்க வேண்டும், அதை மட்டும்தான் டேனி வேண்டினான். நாலு மணியைத் தாண்டி எண்கள் போனபோது கட்டடமே அலறியது.

‘க்ளிக்’ என்று கதவு திறந்துகொண்டது.

“அந்தப் பிள்ள புரோகிராமா தப்பு? கேட்டதும் ஊதுது பாருல” என்றபடி சண்முகவடிவு வெளியேறினாள்.

வராந்தாவில் லோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன் அறை வாசலில் ராஜகுமார், கையில் பேனாவோடு நின்றான். அவனுக்குப் பின்னால் மேஜையில் புகார்த் தாள். மேஜைக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டையில் வந்தனா. பெரிய இடத்துப் புகார்காரர் என்பதால் கையெழுத்து வாங்க அவரே இங்கே வந்திருந்தார்.

இவர்களைப் பார்த்ததும் ராஜகுமாரின் முகம் ஒரு நொடி செத்து, மறுபடி உயிர் பெற்றது. திரும்பி வந்தனாவிடம் ஹிந்தியில், சும்மா டெஸ்ட் சைரன் மேடம் என்றான். பிறகு சண்முகவடிவின் பக்கம் குனிந்து, மராத்திக்காரிக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், தேன் சொட்டுகிற தமிழில் சொன்னான்.

“எங்க அக்கா கெளம்பிட்டீங்க? மணி மூணுகூட ஆகல. அஞ்சுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. உள்ள போய் உக்காருங்க, டீ அனுப்புறேன்.”

 சண்முகவடிவு கொஞ்சம் விலகி நின்றாள், அவ்வளவுதான்.

வந்தனா தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “என் வாட்ச்ல நாலு அம்பத்திரண்டு” என்றார், சுத்தமான தாராவித் தமிழில். “இவங்க ரெண்டு மணிக்கே போயிட்டாங்கன்னு வேற சொன்னீங்க. உங்க வாட்ச்ல என்ன மணி ராஜகுமார்?”

ராஜகுமார் வாட்ச் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.  மறு கையிலிருந்த பேனாவை வந்தனா மெதுவாக வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

சண்முகவடிவு இடுப்பிலிருந்து சுருளை எடுத்து நீட்டினாள். ஸ்டிக்கரோடு நாலு பூவும் உதிர்ந்தது. டேனி ஆறு மணி நேரத்தையும் ஐம்பது நிமிடத்தையும் விரல் வைத்துக் காட்டினான். 0.14 என்ற வரியில் தேதியையும் பெயரையும் காட்டினான். அதிகமாகப் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை.

வந்தனா இரண்டு தடவை படித்தார். புகார்த் தாளை எடுத்து நான்காக மடித்தார். ராஜகுமாரை உட்காரச் சொன்னார், வாசலில் நின்ற கான்ஸ்டபிளை உள்ளே கூப்பிட்டார், பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஜெனிஃபரைக் கூப்பிடச் சொல்லி சண்முகவடிவிடம் நீட்டினார்.

 ஜெனிஃபர் உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் அறையிலும் கடிகாரம் இல்லை என்பது டேனிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“அக்கா,” என்றாள் ஜெனிஃபர், “அஞ்சு ஆயிடுச்சா?”

“ஆகல கண்ணு. அஞ்சு நிமிசம் இருக்கு” என்றாள் சண்முகவடிவு. “அம்மையக் கூட்டிக்கிட்டு வெளிய வந்து நில்லு. நீயே பாத்துக்கோ, இன்னும் வெயில் கெடக்கு.”